ஆவிக் கணக்கு

பீப்பாய் ஒன்றுக்கு நானூறு லிட்டர்.
ஆண்டுக்கு நூற்றில் மூன்று பங்கு
காற்றோடு போகலாம் என்கிறது எங்கள் துறையின் விதி.
அதற்கு மேல் போனால்
காற்றைக் கேட்க முடியாது,
வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.
கேட்பது என் வேலை.
பதினான்கு ஆண்டுகளாகக் கஸ்கோன் மணல்மேடுகளில்
ஓர் அளவுகோல், ஒரு வெப்பமானி,
சாம்பல் அட்டை போட்ட பேரேடு.

லப்பேராத் பண்ணைக்கு நான் போனது
நவம்பர் கடைசியில்.
சக்கரம் வைத்த வடிகலன் முந்தின நாள்தான்
டிராக்டர் பின்னால் வந்து கொட்டகைக்குள் நின்றிருந்தது,
தண்டவாளம் தொலைத்த செம்பு ரயில் எஞ்சின் போல.
வடிப்பவர் சாந்துபேரி
பண்ணை பண்ணையாகப் போகிறவர்,
மூன்று இரவு தூங்காதவர்.
"அடுப்பு அணைந்தால் ஒயின் மறந்துவிடும்" என்றார்.
எதை மறக்கும் என்று சொல்லவில்லை.
குழாய் முனையிலிருந்து நூலாக இறங்கியது
நிறமே இல்லாமல்.
நிறம் பிறகு வரும்,
கருவாலி மரம் மனசு வைத்தால்.

மாயிலிஸ் லக்குத்தேர் சாவிக்கொத்தோடு முன்னே நடந்தாள்.
நிலவறையில் முப்பது பீப்பாய்.
தட்டினேன், கோலை இறக்கினேன், எழுதினேன்.
முப்பதும் சரி.
விதியை மடியில் வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் மாதிரி
அவ்வளவு சரி.

வெளியே வந்து தொப்பியை மாட்டும்போதுதான் பார்த்தேன்:
முற்றத்துக்கு அப்பால் புறாக்கூண்டு.
புறா இல்லை.
சுண்ணாம்பு புதுசு.
ஆனால் கூரை விளிம்பில், கதவு இடுக்கில்,
மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கறுப்பு.

அந்தப் பூஞ்சணத்துக்கு வேறு பசி கிடையாது.
சாராய ஆவி எங்கே கசிகிறதோ
அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும்.
என் துறையில் சம்பளம் வாங்காத ஒரே ஆள் அது.

அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.
சாவியைத் தேடுவதுபோல்கூட நடிக்கவில்லை.

உள்ளே ஒற்றைப் பீப்பாய்.
வயிற்றில் சாக்கட்டியால் ஓர் ஆண்டு,
பதினொரு குளிர்காலத்துக்கு முந்தையது.
"ஃபிர்மான் கடைசியாக வடித்தது.
விறகு போட்டது நான்.
ஏட்டில் ஏறினால் பாதி அவர் அண்ணனுக்கு.
போர்தோவில் இருக்கிறார்.
அவருக்கு பீர்தான் பிடிக்கும்."

கணக்குப்படி இருநூற்று எண்பத்தாறு லிட்டர் இருக்க வேண்டும்.
கோலை இறக்கினேன்.
இன்னும் இறக்கினேன்.
நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"குடித்தீர்களா?"

"மூக்கை வைத்தேன். ஒவ்வொரு நவம்பரிலும்.
அதற்கும் வரி உண்டா?"

நான் ஓட்டையான கூரையைப் பார்த்தேன்.
மேற்கு வெயில் நேராக விழும் சுவர்.
நிலவறைக் குளிரில் இருந்திருந்தால்
அண்ணனுக்குப் பாதி போயிருக்கும்,
ஆனாலும் பாதி மிஞ்சியிருக்கும்.
இங்கே ஒளித்து வைத்ததில்
வானத்துக்குப் பங்கு கூடிவிட்டது.
அவளுக்கு இது தெரியாமல் இல்லை.
வெயில் யாருக்கும் அண்ணன் இல்லை
என்பதுபோல் நின்றாள்.

எழுதினேன். வேறென்ன செய்வேன்?
பீப்பாய் எண் முப்பத்தொன்று.
இருப்பு. குறைவு. அபராதம்.
காசோலையில் கையெழுத்துப் போட்டாள், கை நடுங்கவில்லை.
கடமை நேரத்தில் நான் குடிப்பதில்லை என்று தெரிந்தும்
ஒரு கண்ணாடிக் குவளையை மேசைமேல் வைத்தாள்.
காலிக் குவளை.
முன்பு எப்போதோ ஊற்றிக் காலியானது.
எடுத்து முகர்ந்தேன்:
உலர்ந்த பிளம், மெழுகு,
அப்புறம் ஏதோ ஓர் ஆணின் கம்பளிச் சட்டை.

பேரேட்டில் "ஆவியானது" என்று ஒரு பத்தி உண்டு.
எத்தனை லிட்டர் என்று கேட்கும்.
யாரிடம் போனது என்று கேட்காது.
தொண்ணூற்று இரண்டு என்று எழுதிவிட்டு
மை உலரும்வரை
மூடாமல் வைத்திருந்தேன்.

கொட்டகையில் சாந்துபேரி
அடுப்புக்கு இன்னொரு கட்டை போட்டார்.